பவுடர் டப்பாவுக்கு முன் ஒரு நோட்டு: சென்னையில் எடைப்பயிற்சி தொடங்குவோருக்கு

பெரம்பூரில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. லிஃப்ட் கிடையாது. தண்ணீர் கேன் போடும் தம்பி ஊருக்குப் போயிருந்த ஒரு வாரம், 20 லிட்டர் கேனை நானே தூக்கி வர வேண்டியிருந்தது. முதல் மாடித் திருப்பத்திலேயே கேனை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றேன். அப்போது எனக்கு 34 வயது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, தொப்பைகூடப் பெரிதாக இல்லை. உடம்பில் வலுவும் இல்லை.

அடுத்த மாதமே ஒரு ஜிம்மில் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினேன். சேர்ந்த அன்றே மாஸ் கெய்னர் என்ற எடை கூட்டும் பவுடர் டப்பா பெரிதாக ஒன்றையும் வாங்க வைத்தார்கள். யார் என்ன செய்யச் சொன்னாலும் செய்தேன், எதையும் எழுதி வைக்கவில்லை. ஆறாவது வாரம் முதுகு பிடித்துக்கொண்டது, அத்தோடு நின்றுவிட்டது. இரண்டாவது முறை தொடங்கியபோது பவுடர் வாங்கவில்லை. 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அந்த நோட்டின் வாரிசுகள் இன்று என் அலமாரியில் ஒன்பது இருக்கின்றன. புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த நோட்டைச் சுற்றித்தான்.

ஏன் எடை தூக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது. மெரினாவிலோ அண்ணா நகர் டவர் பூங்காவிலோ காலையில் வேகமாக நடப்பவர்கள் இந்தப் பாதியைச் செய்துவிடுகிறார்கள். அதே வழிகாட்டுதலின் மறுபாதியை நாம் கவனிப்பதில்லை: வாரம் இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்கெல்லாம் வேலை கொடுக்கும் வலுப்பயிற்சி.

நமக்கு இது கூடுதலாகவே தேவை. சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்பில் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பதை ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் கணித்தது. சிக்ஸ் பேக் ஆசை இருந்தால் இருக்கட்டும், தவறில்லை. ஆனால் தசை வளர்ப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் இது.

முதல் படி: மருத்துவரிடம் ஒரு வார்த்தை

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், சர்க்கரை, குடலிறக்கம், பழைய முதுகுத்தண்டு அடி, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். படியேறும்போது நெஞ்சு இறுக்கினாலோ மயக்கம் வந்தாலோ கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலோருக்கு ‘தாராளமாகச் செய்யுங்கள்’ என்ற பதில்தான் கிடைக்கும்.

இரண்டாம் படி: இடம்

வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் ஜிம்தான் நல்ல ஜிம். வேளச்சேரியில் குடியிருந்துகொண்டு நுங்கம்பாக்கத்தில் சேர்ந்தால், மாலைப் போக்குவரத்தில் உங்கள் உறுதி இரண்டு வாரம் தாங்காது. முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஆண்டுச் சந்தா எவ்வளவு மலிவு என்று சொன்னாலும் மூன்று மாதம் தொடர்ந்து வந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

சேர்வதற்கு முன் நீங்கள் போகப்போகும் அதே நேரத்தில் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஜிம்கள் நம் ஊரில் நிறைய. ஆஞ்சநேயர் படம், கண்ணாடி, துருப்பிடித்த பிளேட் என்று எளிமையாக இருந்தாலும் அவற்றில் பல அருமையான இடங்கள். ஆனால் மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்கியதும் அங்கே மாலை நாலு மணிக்கு நிற்க முடியாது. அங்கே சேர்ந்தால் விடியற்காலை நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு விஷயம் பாருங்கள். 1.25 கிலோ, 2.5 கிலோ என்று சின்ன பிளேட்கள் இருக்கின்றனவா? மாஸ்டர் புதியவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறாரா, போனைப் பார்க்கிறாரா? கருவிகளின் பளபளப்பைவிட இந்த இரண்டும் முக்கியம்.

பணம் இடிக்கிறதா? மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் எடையைக் கூட்ட வழியில்லை என்பது குறை. ஆனால் தொங்கி ஏறும் கம்பி இருந்தால் அது பொக்கிஷம். வீட்டிலேயே செய்வதானால் தண்டாலும் பஸ்கியும் நம் தாத்தாக்கள் காலத்திலிருந்து இருப்பவை. அவற்றோடு ஒரு காலி தண்ணீர் கேனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எட்டு லிட்டரில் தொடங்கி, வாரம் அரை லிட்டர் கூட்டிக்கொண்டே போனால் உங்கள் கேனே எடைக்கல். மூடியை மட்டும் இறுக்கமாக அடைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஐந்து அசைவுகள்

ஜிம்மில் ஐம்பது கருவி இருக்கும். உங்களுக்கு முதல் மூன்று மாதம் ஐந்து அசைவு போதும்.

முதலாவது உட்கார்ந்து எழுவது, அதாவது ஸ்குவாட். ஒரு டம்பெல்லை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, பாதம் முழுவதும் தரையில் பதிந்திருக்க, முட்டி கால்விரல் பார்க்கும் திசையிலேயே போக, இறங்கி எழுங்கள். முட்டி விரலைத் தாண்டக் கூடாது என்று யாராவது மிரட்டினால் கவலைப்படாதீர்கள். நன்றாக இறங்குபவர்களுக்கு அது இயல்பாகவே தாண்டும்.

இரண்டாவது குனிந்து தூக்குவது, டெட்லிஃப்ட் வகை. என் முதுகைப் பிடிக்க வைத்தது இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கோலம் போடக் குனிவது போல முதுகை வளைத்து எடை தூக்கக் கூடாது. இரண்டு கையிலும் பை இருக்கும்போது பின்பக்கத்தால் பீரோ கதவைத் தள்ளி மூடுவோமே, அந்த அசைவுதான் வேண்டும். இடுப்பு பின்னால் போக வேண்டும், முட்டி லேசாக மடங்க வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும், எடை காலை உரசிக்கொண்டே இறங்க வேண்டும். தொடையின் பின்புறம் இழுப்பது தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். இதை வெறும் துடைப்பக் கட்டையோடு ஒரு வாரம் பழகிவிட்டு எடைக்குப் போங்கள்.

மூன்றாவது தள்ளுவது: தண்டால், அல்லது பெஞ்சில் படுத்து டம்பெல் தள்ளுவது. தரையில் தண்டால் வரவில்லையா? சுவரிலிருந்து தொடங்கி, கட்டில் விளிம்பு, படிக்கட்டு என்று மெல்ல இறங்கி வாருங்கள். நான்காவது இழுப்பது: லேட் புல்டவுன் (தலைக்கு மேல் தொங்கும் கம்பியைக் கருவியில் கீழே இழுப்பது), அல்லது குனிந்து டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது. புல்டவுன் என்பது கிணற்றில் ராட்டினம் போட்டு நீர் இறைக்கும் அதே அசைவு. நாள் முழுக்கக் கணினி முன் கூனி உட்கார்பவர்கள் இதை ஒருபோதும் விடாதீர்கள். ஐந்தாவது தூக்கி நடப்பது. இரு கையிலும் கனமான டம்பெல் பிடித்து நிமிர்ந்து 30 மீட்டர் நடந்தால் பிடியும் வயிறும் தோளும் ஒன்றாக வேலை செய்யும்.

இந்த ஐந்தையும் ஒரே நாளில் செய்யுங்கள். வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. முடியாதவர்களுக்கு இரண்டு நாள். முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றிலும் இரண்டு செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுதான் செட்), பிறகு மூன்று. ஒரு செட்டில் 8 முதல் 12 முறை. செட்டுக்குச் செட் இரண்டு நிமிடமாவது ஓய்வு. கடைசி முறை முடியும்போது, இன்னும் இரண்டு முறை ஒழுங்காகச் செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். ஐந்து, ஆறு முறை மிச்சமிருந்தால் எடை பற்றவில்லை. முகம் கோணி முதுகு வளைந்தால் எடை அதிகம்.

‘திங்கள் செஸ்ட், செவ்வாய் ஆர்ம்ஸ்’ என்று பிரித்துச் செய்யலாமே என்று கேட்பீர்கள். வாரத்தில் செய்யும் மொத்த செட் ஒன்றாக இருந்தால் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் புதியவருக்கு ஒரு நாள் தவறுவது சகஜம். பிரித்துச் செய்பவர் கால் பயிற்சி நாளைத் தவறவிட்டால் அந்த வாரம் காலுக்கு ஒன்றுமில்லை. அது மட்டுமல்ல, வாரம் மூன்று முறை அதே அசைவைப் பழகினால் கை சீக்கிரம் படியும்.

என் அம்மா 58 வயதில் தொடங்கினார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுவதுதான் அவருடைய முதல் ஸ்குவாட். இரண்டு மாதத்தில் 5 கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு எழுந்தார். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும். அந்த வயதில் எலும்பின் மேல் விழும் சுமை அதற்கு மருந்து போன்றது. எடை தூக்கினால் உடம்பு ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடும் என்று பயப்படும் தங்கைகளுக்கும் சொல்கிறேன்: தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகக் குறைவு. அப்படியெல்லாம் தானாக நடந்துவிடாது.

நான்காம் படி: நோட்டு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், முட்டி அடிபட்ட வீரர்களுக்கு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பயிற்சி அளித்தார். ஓய்வுதான் மருந்து என்று நம்பிய காலம் அது. அவருடைய வீரர்கள் வேகமாகத் தேறினார்கள். இன்றுவரை எடைப்பயிற்சியின் அடிப்படை அதுவேதான்: உடம்பு பழகிய சுமையைவிடச் சற்றுக் கூடுதல் சுமை, திரும்பத் திரும்ப.

சற்றுக் கூடுதல் என்றால், போன முறை எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் நோட்டு. தேதி, அசைவு, எடை, ஒவ்வொரு செட்டிலும் எத்தனை முறை, இவ்வளவுதான். ‘ஸ்குவாட், 10 கிலோ: 10, 9, 8’ என்று எழுதியிருந்தால் அடுத்த நாள் உங்கள் வேலை எங்கோ ஒரு செட்டில் ஒன்றைக் கூட்டுவது. மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் எடையை 2 அல்லது 2.5 கிலோ கூட்டி, மறுபடி 8இலிருந்து தொடங்குங்கள். எழுதும்போது பாரின் (பிளேட் மாட்டும் கம்பியின்) எடையையும் சேர்த்து எழுதுங்கள். போட்டிக்குரிய நீளமான பார் 20 கிலோ. தெருமுனை ஜிம்மில் உள்ளது 8 கிலோவாகவும் இருக்கலாம், 12 ஆகவும் இருக்கலாம். தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சின்ன பிளேட் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது இதனால்தான். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அப்படிப்பட்ட மேடையிலும் எடையை ஒரு கிலோவாகக் கூட்ட அனுமதி உண்டு. நாம் மட்டும் ஏன் ஒரே தாவலில் பத்து கிலோ ஏற்ற வேண்டும்?

முதல் சில வாரங்களில் எடை கிடுகிடுவென ஏறும், கண்ணாடியில் ஒன்றும் மாறியிருக்காது. நரம்பு மண்டலம் முதலில் கற்றுக்கொள்கிறது, தசை பிறகு வளர்கிறது. பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கண்ணாடி காட்டாததை நோட்டு காட்டும்.

வலி வந்தால்

முதல் வாரம் படி இறங்கும்போது தொடை வலிக்கும். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகக் குறையும். அடுத்த நாள் கொஞ்சம் நடங்கள். மூட்டுக்குள் குத்தினால், ஒரு பக்கம் மட்டும் சுரீரென்று இழுத்தால், கால் மரத்துப்போனால் அந்த அசைவை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முதல் நாளே ஆவேசமாக நூற்றுக்கணக்கில் பஸ்கி போட்டுவிட்டு, தசை வீங்கி, சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது, அதனால் உடம்பு குளிர்வதும் குறையும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் போனது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். உப்புப் போட்ட நீர்மோர் போதுமானது.

ஐந்தாம் படி: சாப்பாடு

ஐ.சி.எம்.ஆர். - தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். அது பொதுவான ஆரோக்கியத்துக்கு. எடைப்பயிற்சி செய்பவர்களைப் பற்றிய 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, தசை வளர்ச்சிக்கு உதவுவது கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரைதான், அதற்கு மேல் சாப்பிட்டுப் பெரிதாகக் கூடுவதில்லை என்றது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 96 கிராம். முதல் மாதம் 70 வந்தாலே நல்லது. உடல் பருமனாக இருப்பவர்கள் தாங்கள் அடைய விரும்பும் எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

நம் தட்டில் இது எங்கே இருக்கிறது? ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6. நான்கு இட்லியில் ஏறக்குறைய 8. மத்தியானம் 100 கிராம் மீனில் சுமார் 20. காசிமேட்டிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ மலிவாகக் கிடைக்கும் மத்தியும் நெத்திலியும் இதற்கு எந்த விதத்திலும் வஞ்சிரத்துக்குக் குறைந்தவை அல்ல. சாம்பாரை நம்பி ஏமாறாதீர்கள். துவரம்பருப்பு 100 கிராமில் 22 கிராம் புரதம் உண்டு என்பது உண்மை. ஆனால் நம் தட்டில் ஓடும் சாம்பாரில் பருப்பு எத்தனை ஸ்பூன்? கெட்டிப் பருப்பாக, கூட்டாக, பாசிப்பயறு கடையலாகச் சாப்பிடுங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு என் முதல் சிபாரிசு மீல் மேக்கர். உலர்ந்த 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம், விலையும் குறைவு. 30 கிராமை வெந்நீரில் ஊற வைத்துப் பிழிந்து குருமாவில் போட்டால் 15 கிராம். பாலும் தயிருமாக அரை லிட்டர் 16, பனீர் 100 கிராம் 18, பயறும் பருப்பும் உலர்நிலையில் 60 கிராம் 14. அரிசி, கோதுமையிலிருந்து வருவதையும் கூட்டினால் 90 தொட்டுவிடும். வேர்க்கடலையைப் புரதம் என்று எண்ணிக் கை நிறைய அள்ளாதீர்கள். அதில் புரதத்தைவிடக் கொழுப்பு இரு மடங்கு. மாலைக்குச் சுண்டல் இருக்கவே இருக்கிறது.

சோற்றை விரோதியாக்க வேண்டாம். பயிற்சிக்கு எரிபொருள் அதுதான். இடுப்புச் சுற்றளவு குறைய வேண்டுமென்றால் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, பொரியலில் இரண்டு கரண்டி கூட்டுங்கள்.

ஆறாம் படி: பவுடர்கள்

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே ‘தம்பி, என்ன பவுடர் எடுக்கிறே?’ என்று யாராவது கேட்பார்கள். மூன்று மாதத்துக்கு ‘சோறு, முட்டை’ என்று சொல்லுங்கள்.

வே புரதம் என்பது பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரை வடிகட்டி உலர்த்திய பால் பொருள். ஒரு கரண்டியில் 24 கிராம் வாக்கில் புரதம் வரும், அவ்வளவுதான். சாப்பாட்டில் கணக்கு எட்டாதவர்களுக்கு வசதி. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிறு உப்பும். அவர்கள் பால் சர்க்கரை பெரும்பாலும் நீக்கப்பட்ட ஐசொலேட் வகையைப் பார்க்கலாம். 2024இல் இந்தியச் சந்தையின் 36 புரதப் பவுடர்களைச் சோதித்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய 70 விழுக்காட்டில் டப்பாவில் போட்ட புரத அளவு சரியாக இல்லை. ஆகவே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், முத்திரை, இறக்குமதியாளர் விவரம் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பலன் நன்றாக நிரூபிக்கப்பட்டது, தசைக்குச் சட்டென்று ஆற்றல் கிடைக்க உதவும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட். நாளுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். தசைக்குள் நீர் சேர்வதால் ஒரு கிலோ எடை கூடலாம். மீனும் இறைச்சியும் சாப்பிடாதவர்களுக்குத் தசையில் கிரியேட்டின் இருப்பு குறைவு என்பதால் பலன் கூடுதலாகத் தெரியக்கூடும். ஒரு விஷயம்: இதை எடுப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் ‘கிரியேட்டினின்’ என்ற பொருளின் அளவு சற்று உயர்ந்து காட்டலாம். மாஸ்டர் செக்கப்புக்குப் போகும்போது மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வீண் பதற்றம் வேண்டாம்.

பயிற்சிக்கு முன் குடிக்கச் சொல்லும் பவுடரில் உழைப்பது பெரும்பாலும் காஃபின். வீட்டு ஃபில்டர் காபி போதும். மாலை ஏழு மணிப் பயிற்சிக்காரர்கள் அதையும் தவிருங்கள், தூக்கம் கெடும். ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு ஈடான பவுடர் கிடையாது. மாஸ் கெய்னரில் பெரும்பகுதி சர்க்கரை போன்ற மாவுச்சத்து. பி.சி.ஏ.ஏ. என்ற அமினோ அமிலப் பவுடர், கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை இரண்டும் காசுக்குக் கேடு.

‘ஒரு கோர்ஸ் போட்டால் மூணு மாசத்துல உடம்பு வந்துரும்’ என்று யாராவது ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிப் பேசினால், அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். இதை மன்றாடிக் கேட்கிறேன். வெளியிலிருந்து ஹார்மோன் ஏறும்போது உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும், இதயத் தசை தடிக்கும், மாத்திரை வடிவில் எடுத்தால் கல்லீரலும் கெடும். இருபது வயதுப் பையன்களிடம் இதைச் சொல்ல ஜிம்மில் ஆள் இல்லை என்பது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தொடர்வது

ஊக்கம் சில நாள் வரும், சில நாள் வராது. அதற்காகக் காத்திருக்காமல் நாளையும் நேரத்தையும் முடிவு செய்துவிடுங்கள். பையை முதல் நாள் இரவே கதவருகில் வையுங்கள். மனம் வராத நாளில் ஒரே ஒரு செட் ஸ்குவாட் செய்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று போங்கள். போய்விட்டால் பெரும்பாலும் முழுதும் முடித்துவிட்டுத்தான் வருவீர்கள்.

தீபாவளி, ஊர்த் திருவிழா, காய்ச்சல், மழை என்று இடைவெளி வரத்தான் செய்யும். இரண்டு வாரம் விட்டால் தசை கரைந்துவிடாது. திரும்பி வரும்போது எடையைப் பத்து, இருபது விழுக்காடு குறைத்துத் தொடங்குங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, எங்கள் ஜிம்மின் தரைத்தளத்தில் தண்ணீர் நின்றது. என் நோட்டில் அந்த இரண்டு வாரமும் காலியாக இருக்கிறது. அடுத்த வரி ‘டெட்லிஃப்ட், 65 கிலோ: 8, 8, 8’. அதற்கு முன் 80 தூக்கிக்கொண்டிருந்தேன். ஜனவரி முதல் வாரப் பக்கத்தில் மறுபடி 80 என்று எழுதியிருக்கிறேன்.